பதினாலு பாட்டுத் தூரம்

"ஒண்ணு செத்தா இன்னொண்ணு இருக்கும்னுதான தாயி சொன்ன? ரெண்டும் சேந்தே செத்துப்போச்சு."

சடையாண்டி அண்ணன் இதைச் சொன்னபோது பாண்டீஸ்வரி ஒரு டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தாள். கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

"எப்பச் செத்துச்சு?" என்று கேட்டன கால்கள்.

"காலையில. சோதிச்சுப் பாக்க ராத்திரி பூரா லைட்ட எரியவிட்டேன். சாவியத் திருகுறேன், டிக்குங்குது. அம்புட்டுத்தான்."

"ரெண்டு பேட்டரியையும் எப்படி மாட்டுனீங்க?"

"தடிச்ச வயரா எடுத்து பிளஸ்ஸுக்குப் பிளஸ் சேத்துவிட்டேன்."

ஆள் முழுசாக வெளியே வந்தாள்.

"நான் ரெண்டு பேட்டரி வைக்கச் சொன்னேண்ணே. நீங்க ஒரே பேட்டரியப் பெருசாக்கி வெச்சிருக்கீங்க."

இது போடி அடிவாரத்தில் நடந்தது. பாண்டீஸ்வரி வண்டிகளுக்கு வயரிங் செய்கிறவள். நாற்பது வயது இருக்கும். சடையாண்டிக்கு அறுபதுக்கு ஒன்று குறைவு. முப்பது வருஷமாக மஞ்சனூத்து மலைக்கு ஜீப் ஓட்டுகிறவர். அந்த ஜீப்பில் ரெண்டாவதாக ஒரு பேட்டரி வைக்க வேண்டும், அதையும் தன் கையாலேயே வைக்க வேண்டும், கற்றுக்கொடு என்று அவளிடம் வந்து நின்றார்.

"நானே மாட்டித் தர்றேனே," என்று அவள் முதல் நாளே சொல்லிப் பார்த்தாள்.

"வேற கை பட்டா எனக்கு நம்பிக்கை வராது தாயி."

"உங்க கை பட்டா வருமா?"

அவர் ஸ்பேனரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

ஜீப் ஸ்டாண்டில் இதுதான் பத்து நாள் பேச்சு. அண்ணன் இந்த வயசில் பள்ளிக்கூடம் போகிறார், யாராவது ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுங்கப்பா என்று கேலி செய்தார்கள். நானும் செய்தேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் அந்த மலைக்குத் தபால் கொண்டுபோகிறவன். ரெண்டாவது பேட்டரி எதற்கு என்று எனக்குத் தெரியும். பாட்டுக்கு.

மஞ்சனூத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எங்களில் யாரும் அளந்ததில்லை. பதினாலு பாட்டு. அதுதான் தூரம். ஏழாவது பாட்டு முடியும்போது வழுக்குப்பாறை ஓடை வரும். ஜீப் ஓடைக்குள் இறங்கித் தண்ணீரிலேயே நிற்கும். சடையாண்டி கேசட்டைத் திருப்பிப் போடுவார். தண்ணீர் சக்கரத்தில் மோதுகிற அந்த அரை நிமிஷம் வண்டியில் ஒருவரும் பேச மாட்டோம். பிறகு எட்டாவது பாட்டு.

மழை நாளில் சேற்றில் சிக்கினால் பதினெட்டு, இருபது பாட்டுகூட ஆகும். ஏலக்காய் பறிக்கப் போகிற பெண்கள் அதற்காகவே மழையை வேண்டிக்கொள்வார்கள்.

மற்ற ஜீப்புகளில் பென் டிரைவ் வந்தது. இவர் கேசட்டை விடவில்லை. "அது நிக்காமப் பாடிக்கிட்டே இருக்குய்யா. எங்க திருப்புறதுன்னே தெரியல," என்பார்.

அதெல்லாம் எவ்வளவு நல்ல காலம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. முதுகு வலிக்கிறது என்று முனகிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன்.

ஒன்பது வருஷமாக அந்த ஜீப்பில் பாட்டு கிடையாது.

நடந்தது இதுதான். மஞ்சனூத்தில் செல்லத்தாய் என்கிற பெண்ணின் தங்கச்சிக்குக் கல்யாணம். அங்கே கரண்ட் இல்லை. ஜீப் பேட்டரியில் ஆம்ப்ளிஃபையரை மாட்டி, குழாய் ஸ்பீக்கரை மரத்தில் கட்டி, விடிந்ததிலிருந்து பாட்டு.

எங்கள் பக்கத்து ஜீப்காரர்கள் மலையில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்த மாட்டார்கள். மூக்கு பள்ளத்தைப் பார்க்க நிறுத்தி, முன்சக்கரத்துக்குக் கல் கொடுப்பார்கள். பேட்டரி காலை வாரினாலும் கல்லை உருவிவிட்டு, உருட்டிக் கிளப்பிக்கொள்ளலாம். அன்றைக்குச் சடையாண்டி வண்டியைக் காப்பிக் களத்தில் நிறுத்தினார். அந்த ஊரிலேயே சமமான இடம் அது ஒன்றுதான். அங்கிருந்து போட்டால்தான் பாட்டு எல்லா வீட்டுக்கும் கேட்கும்.

பிற்பகலில் செல்லத்தாய்க்கு வலி கண்டது. ஏழாம் மாதம். ரத்தம் நிற்காமல் போனது. ஜீப்பில் ஏற்றினார்கள். சாவியைத் திருப்பினார். டிக் என்றது.

களத்தை விட்டு வெளியேறும் பாதை முதலில் மேடு. பன்னிரண்டு பேர் தள்ளினோம். ஏறவில்லை. கடைசியில் டோலி கட்டி, அவளைக் கால்நடையாகத்தான் தூக்கி இறக்கினோம். செல்லத்தாய் பிழைத்தாள். பிள்ளை தங்கவில்லை.

சடையாண்டியை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேட்டரி பழசு என்றார்கள். அவரும் பேட்டரி பழசு என்றார். டேப்பைக் கழற்றிச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டார். அதன் பிறகு அவர் அடிவாரத்தில்கூடச் சரிவு தேடித்தான் வண்டியை நிறுத்துவார்.

இந்த வருஷம் ஆடியில் செல்லத்தாய் கீழே இறங்கி ஸ்டாண்டுக்கே வந்தாள்.

"பிள்ளைக்கு ஆறு வயசாச்சுண்ணே. ஆவணி பத்தொம்பது காதுகுத்து. உங்க வண்டியிலதான் சாமான் ஏத்தணும்."

"ஏத்திக்குவோம் தாயி."

"பாட்டோட வரணும்."

அவர் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாட்டில்லாம வர்றதா இருந்தா வராதீங்க," என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அவர் துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்தார். மறுநாள் காலையில் பாண்டீஸ்வரியிடம் போனார்.

ரெண்டும் சேர்ந்து செத்த கதைக்கு வருகிறேன்.

"பிளஸ்ஸுக்குப் பிளஸ் ஏண்ணே சேத்தீங்க? நடுவுல எதையும் வைக்கத் தோணலையா?"

"ஒண்ணு பட்டினி கெடக்குறப்ப இன்னொண்ணு வயிறு முட்டத் தின்னுட்டுச் சும்மா உக்காந்திருந்தா நல்லாவா இருக்கு? ரெண்டும் பகிர்ந்து திங்கட்டுமேன்னு விட்டேன்."

பாண்டீஸ்வரி சிரிக்கவில்லை. ரெண்டு பிளாஸ்டிக் கேன்களை எடுத்தாள். அடியில் ஓட்டை போட்டு, ஒரு ரப்பர் டியூபால் ரெண்டையும் இணைத்தாள். நிறையத் தண்ணீர் ஊற்றினாள். பின்னால் இருந்த கேனில் ஒரு ஆணியால் இன்னொரு ஓட்டை குத்தினாள்.

தண்ணீர் ஒழுகியது. ரெண்டு கேனிலும் மட்டம் ஒன்றாகவே இறங்கியது.

"பாத்தீங்களா, எம்புட்டு ஒத்துமை."

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பாதிக்கு வந்ததும் அவள் டியூபை ரெண்டு விரலால் நசுக்கிப் பிடித்தாள். பின்கேன் காலியானது. முன்கேன் பாதியிலேயே நின்றது.

"நடுவுல ஒரு கை வேணும்ணே."

"நான் வண்டிய ஓட்டுவேனா, டியூபப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேனா?"

அவள் அவர் உள்ளங்கையில் ஒரு ரிலேயை வைத்தாள். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது.

"இதான் கை. என்ஜின் ஓடுறப்ப ரெண்டையும் சேத்துவிடும், டைனமோ ரெண்டுக்கும் ஊட்டும். என்ஜின் நின்னா பிரிச்சுரும். அப்புறம் பாட்டு, லைட்டு எது தின்னாலும் பின்னாடி இருக்கதத்தான் திங்கும்."

"முன்னாடி இருக்கது?"

"அதுக்கு ஒரே வேலைதான். வண்டியக் கிளப்புறது."

"பாட்டு நல்ல பாட்டா இருந்தா?"

"எவ்வளவு நல்ல பாட்டா இருந்தாலும்."

அவர் ரிலேயை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

நாலு நாள் வேலை நடந்தது. பின் சீட்டுக்கு அடியில் தட்டு வைத்து, ரெண்டாவது பேட்டரியை உட்கார வைத்துப் பட்டை போட்டு இறுக்கினார். அவள் வந்து ஒரு கையால் ஆட்டினாள். ஆடியது.

"மலையில வண்டி குதிக்கும். அவுத்துட்டு மறுபடி போடுங்க."

போட்டார். சேஸிஸ் ஓரமாகக் கேபிளை இழுத்துக் கொண்டுவந்தார். இரும்பு உரசுகிற இடத்தில் அவள் விரலை வைத்தாள். அவரே புரிந்துகொண்டு அங்கே ரப்பர் சுற்றினார். ஃபியூஸை நடுவில் வைத்திருந்தார். பேட்டரிக்குப் பக்கத்திலேயே வை என்று அதையும் அவிழ்க்க வைத்தாள்.

"ஒரு வாத்தியாரும் என்னை இந்தப் பாடு படுத்துனதில்ல தாயி."

"நீங்க எந்த வாத்தியார்ட்டப் போனீங்க?"

"அதுவும் சரிதான்."

கடைசி நாள், என்ஜினை இருபது தடவை கிளப்பி அணைக்கச் சொன்னாள். அவள் சாவியைத் திருப்ப, அவர் ரிலேயில் காதை வைத்துக்கொண்டு கிடந்தார்.

டக்.

"சேந்துருச்சு."

டக்.

"பிரிஞ்சுருச்சு."

இருபது தடவையும் சொன்னார். முடிந்ததும் பானெட்டை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"இனிமே தைரியமாப் போடலாமா?"

"டேப் எங்க இருக்கு?"

"பரண்ல."

"எடுத்துக்கிட்டு நாளைக்குச் சந்தை மைதானத்துக்கு வாங்க."

சந்தை மைதானம் உள்ளங்கை மாதிரிச் சமமாக இருக்கும். புதன்கிழமை அங்கே ஆடுகள் மட்டும்தான் மேயும். சடையாண்டி வண்டியை மைதானத்தின் ஓரம், சாக்கடைச் சரிவைப் பார்த்து நிறுத்தினார். கல்லும் கொடுத்துவிட்டார்.

பாண்டீஸ்வரி வந்தாள். கல்லை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"நடுவுல நிறுத்துங்க."

"அங்க பள்ளம் இல்லையே தாயி."

"தெரியும்."

கொண்டுபோய் நிறுத்தினார். இறங்கிய பிறகும் ஒரு கை வண்டியின் மேலேயே இருந்தது. பின்பேட்டரியில் டேப்பையும் ஆம்ப்ளிஃபையரையும் அவளே மாட்டினாள். வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டினாள். போதாதென்று ரெண்டு ஹெட்லைட்டையும் அந்தப் பேட்டரிக்கே மாற்றி, பட்டப்பகலில் எரியவிட்டாள். என்ஜினை அணைத்தாள்.

"ம். போடுங்க."

அவர் கேசட்டை உள்ளே தள்ளினார். கரகரவென்றது. பிறகு பாட்டு வந்தது.

நான் தபால் பையை அங்கேயே கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். முன்பு அந்த ஜீப்பில் ஏலக்காய் பறிக்கப் போன ரெண்டு பெண்கள், இப்போது தலை நரைத்துவிட்டது, ரோட்டில் போனவர்கள் உள்ளே வந்து நின்றார்கள். அடுத்தது எந்தப் பாட்டு என்று அது வருவதற்கு முன்னாலேயே ஒருத்தி சொன்னாள். ஏழு முடிந்ததும் எங்கள் எல்லோருக்கும் பேச்சு நின்றுபோனது. ஓடை எங்கேயோ மலையில் இருக்கிறது. நாங்கள் இங்கே ஆட்டுப் புழுக்கை நடுவில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறோம். சடையாண்டி கேசட்டைத் திருப்பினார்.

பதினாலும் முடிந்தது. மறுபடி முதலிலிருந்து. மத்தியானம் சாப்பாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஹெட்லைட் மஞ்சளாகிக்கொண்டே வந்தது.

மூன்று மணி இருக்கும். பாட்டு இழுக்க ஆரம்பித்தது.

பேட்டரி இறங்கினால் கேசட் அப்படித்தான் இழுக்கும். பாடுகிறவருக்குத் தூக்கம் வந்துவிட்ட மாதிரி இருக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் சடையாண்டி பாய்ந்து போய் டேப்பில் கையை வைத்தார். பாண்டீஸ்வரி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இழுக்குது தாயி."

"இழுக்கட்டும்."

"நிறுத்தணும்."

"எதுக்கு? பின்பேட்டரிதான. சாகட்டும். அதுக்குத்தான வெச்சோம்."

"இல்ல, நிறுத்தணும். விடு."

"ஏண்ணே?"

அவர் கையை உருவப் பார்த்தார். முடியவில்லை.

"அன்னைக்கும் இப்படித்தான் இழுத்துச்சு," என்றார். "எனக்குக் கேட்டுச்சு தாயி. நல்லாக் கேட்டுச்சு. நிறுத்தணும்னு கை போச்சு. பாட்டு நல்ல எடத்துல இருந்துச்சு. இது முடியட்டும்னு விட்டேன். அது முடிஞ்சதும் இன்னொண்ணையும் போட்டேன்."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஒன்பது வருஷம் அவரோடு ஒரே பெஞ்சில் டீ குடித்திருக்கிறேன். இது எனக்குத் தெரியாது.

"இத யார்ட்டயாவது சொன்னீங்களா?" என்று பாண்டீஸ்வரி கேட்டாள்.

"இப்பத்தான் உங்கிட்டச் சொல்றேன்."

"எங்கிட்டச் சொல்லி என்னண்ணே ஆகப்போகுது? நான் பேட்டரிக்காரி."

பாட்டு இன்னும் இழுத்தது. வார்த்தை புரியாமல் போனது. பிறகு வெறும் முனகல். பிறகு அதுவும் நின்றது. ஹெட்லைட்டும் அணைந்துவிட்டது. ஆடுகள் மேய்கிற சத்தம்தான் கேட்டது.

அவள் அவர் கையை விட்டாள்.

"இப்பக் கிளப்புங்க."

"கிளம்பலேன்னா?"

"கிளம்பலேன்னா நான் தள்ளுறேன்."

அவர் ஏறி உட்கார்ந்தார். சாவியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். நரைத்த பெண்களில் ஒருத்தி, "திருப்புண்ணே, வீட்ல அடுப்புக் கெடக்கு," என்றாள்.

திருப்பினார்.

பாதித் திருகலிலேயே என்ஜின் பிடித்துக்கொண்டது. டக் என்று ரிலேயும் சேர்ந்தது. பெண்கள் கை தட்டினார்கள். நான் விசிலடித்தேன், இந்த வயசில். சடையாண்டி மட்டும் சிரிக்கவில்லை. ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மலைக்கு எப்பப் போகட்டும் தாயி?"

"வண்டி ஓடிக்கிட்டுத்தான இருக்கு," என்றாள் பாண்டீஸ்வரி. மரத்தில் ஏறி ஸ்பீக்கரை அவிழ்க்கத் தொடங்கினாள்.

எனக்கு அன்றைக்கு மலைக்குத் தபால் எதுவும் இல்லை. இருந்தும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

வழியில் அவர் பாட்டுப் போடவில்லை. போட்டிருக்கலாம். ஓடுகிற வண்டியில் டைனமோ ஊட்டும். ஓடைத் தண்ணீருக்குள் வண்டியை நிறுத்தினார். அரை நிமிஷம் ஆனது. ஒரு நிமிஷமும் ஆனது. பிறகு கியரைப் போட்டார்.

வெயில் சாய்வதற்குள் மஞ்சனூத்து வந்துவிட்டது. வண்டியைக் காப்பிக் களத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்தார்.

செல்லத்தாய் வீட்டுச் சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தாள். கை, முகம் எல்லாம் சுண்ணாம்பு.

"என்னண்ணே, தேதி மறந்துபோச்சா? காதுகுத்துக்கு இன்னும் எட்டு நாள் கெடக்கு. உக்காருங்க, காப்பி போடுறேன்."

"காப்பி இருக்கட்டும் தாயி. ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"கல்யாணத்தன்னைக்குப் பாட்டு இழுத்துச்சு. எனக்குத் தெரிஞ்சுச்சு. தெரிஞ்சும் நிறுத்தல. மேக்கொண்டு இன்னொரு பாட்டும் போட்டேன். பேட்டரி பழசுன்னு ஊரெல்லாம் சொன்னேன். பழசில்ல தாயி. வாங்கி ஆறு மாசந்தான் ஆச்சு. நாந்தான் நிறுத்தல."

அவள் பிரஷ்ஷை வாளியில் வைத்தாள். கையைப் புடவையில் துடைத்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவள் களத்தில் நின்ற ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் கேட்டுச்சுண்ணே," என்றாள்.

சடையாண்டி நிமிர்ந்தார்.

"வலி அதுக்கும் முன்னாடியே ஆரம்பிச்சிருச்சு. சொன்னா பாட்ட நிறுத்திருவீங்களேன்னு நாந்தான் வாயத் தொறக்கல."